கொழும்பில் ஒரு மேக்கர்ஸ்பேஸ்: இயந்திரம் வாங்கும் முன் தொடங்க வேண்டிய வேலைகள்

கொழும்பில் ஒரு பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ மேக்கர்ஸ்பேஸ், அதாவது பிள்ளைகள் தங்கள் கையால் பொருட்களைச் செய்து பழகும் அறை, தொடங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், பேச்சு உடனே முப்பரிமாண பிரிண்டருக்குப் போய்விடுகிறது. என்ன மொடல், என்ன விலை, யார் அனுசரணை தருவார்கள் என்று கேள்விகள் வரும். இயந்திரம் வந்து திறப்பு விழாவும் முடிந்த பிறகு, அதைத் தொட ஆளில்லாமல் அறை பூட்டிக் கிடப்பதைப் பார்க்க மனசு வலிக்கிறது. அந்த வலிதான் இந்த வழிகாட்டியை எழுத வைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஒரு சாமானைச் செய்கிறது, அது ஓடாமல் நிற்கிறது. ஏன் என்று தேடித் தன் கையாலேயே திருத்தி மறுபடி ஓட வைக்கிறது. மேக்கர்ஸ்பேஸின் கல்விப் பயன் அத்தனையும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டிய பொருட்கள் புறக்கோட்டையில் கிடைக்கின்றன. சொல்லித் தரக்கூடிய கைகளும் இந்த நகரத்தில் ஏராளம்.

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் ஒரு டசின் பிள்ளைகள், ஒரு அறை, இரண்டு பெரியவர்கள், குறைந்த பணம். இந்த அளவை மனதில் வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

இது ஏன் கல்வி

அதிபரும் பெற்றோரும் கேட்கப் போகும் முதல் கேள்வி இது. பதிலைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீமோர் பேப்பர்ட் என்ற கணிதவியலாளர் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜேயுடன் வேலை செய்தவர். அறிவை யாரும் பிள்ளைக்குள் ஊற்ற முடியாது, பிள்ளை அதைத் தானே கட்டிக்கொள்கிறது என்பது பியாஜே சொன்னது. பிறர் பார்க்கக்கூடிய, தொட்டுப் பேசக்கூடிய ஒரு பொருளை வெளியே கட்டும்போது உள்ளே நடக்கும் அந்தக் கட்டுமானம் இன்னும் உறுதியாகிறது என்று பேப்பர்ட் சேர்த்தார். 1967இல் அவரும் கூட்டாளிகளும் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் பிழை வந்தால் புள்ளி குறையாது. பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதே அங்கு வேலை. பேப்பர்டின் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் வெளியிட்டதுதான் இன்று பிள்ளைகள் பலர் பாவிக்கும் ஸ்க்ராட்ச் என்ற கணினி மொழி.

மனு கபூர் என்ற கல்வி ஆய்வாளரும் இதற்குப் பக்கத்திலேயே வருகிறார். ஒரு கணக்கின் வழியைச் சொல்லித் தருவதற்கு முன்பே மாணவர்களை அதோடு மல்லுக்கட்ட விட்டு, அவர்கள் தடுமாறிய பிறகு விளக்கினால், கருத்து ஆழமாகப் புரிகிறது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. தடுமாற விட்டுவிட்டு விளக்கமே தராமல் போனால் அந்தப் பயன் இல்லை. இரண்டும் சேர வேண்டும். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பிள்ளைகள் கடந்த கால வினாத்தாள்களைச் செய்து செய்து பழகியவர்கள். வினாத்தாளில் விடை பிழைத்தால் சிவப்புக் கோடு விழும், அடுத்த வினாவுக்குப் போக வேண்டியதுதான். பிழையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு வேறு எங்கும் இடம் கிடைப்பதில்லை.

அறையும் நேரமும்

அறை பெரிதாக இருக்கத் தேவையில்லை. நான்கு உறுதியான மேசை, இரண்டு பக்கம் ஜன்னல், பூட்டக்கூடிய ஒரு அலுமாரி இருந்தால் போதும். பாடசாலையில் கிடைக்காவிட்டால் தேவாலய மண்டபம், நூலகத்தின் பக்க அறை, கோயில் மண்டபம் என்று கேட்டுப் பாருங்கள். பாதி முடிந்த வேலைகளை அடுத்த கிழமை வரை அப்படியே வைக்க இடம் தருவார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கலைத்து எடுத்துப் போக வேண்டுமென்றால் பெரிய வேலை எதுவும் நடக்காது.

சனிக்கிழமை முழுக்க டியூஷன், ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு. அந்த இரண்டோடும் போட்டி போடாதீர்கள். கிழமை நாளில் பாடசாலை ஒன்றரைக்கு விட்டதும், பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து 2 மணி முதல் 4 மணி வரை என்று வைத்தால் வருகை நிலைக்கும். பசியோடு யாரும் பற்றாசு (சோல்டரிங்) பிடிக்கக் கூடாது.

மின்சாரமும் பாதுகாப்பும்

இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிள்ளைகள் செய்யும் எந்தப் பொருளும் அதோடு இணையக் கூடாது. அவர்களுடைய எல்லா வேலையும் பற்றரியில்தான், 9 வோல்ட்டுக்குள். பிளக்கைச் செருகுவதும் கழற்றுவதும் பெரியவர் வேலை. அறையின் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் வகைதானா என்று ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

பற்றாசு பிடிக்கும் மேசை ஜன்னலோரம் இருக்கட்டும். சின்ன மின்விசிறி புகையை வெளியே தள்ளட்டும். வழக்கமான 60/40 கம்பியில் ஈயம் இருக்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் யாரும் பிஸ்கட்டைத் தொடக் கூடாது. ஈயமில்லாத கம்பி வாங்க முடிந்தால் நல்லது, ஆனால் அது உருக இன்னும் கூடுதல் சூடு வேண்டும். ரப்பர் செருப்போடு வரக் கூடாது, சப்பாத்து கட்டாயம். நீளமான கூந்தலைக் கட்ட வேண்டும். வெட்டும்போதும் பற்றாசு பிடிக்கும்போதும் கண்ணாடி போட வேண்டும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைக்கவும். பற்பசை பூசுவதை யாராவது பரிந்துரைத்தால் தடுத்துவிடுங்கள்.

சாமான் வாங்கப் புறக்கோட்டைக்கு

இந்தப் பயணத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளையும் பெற்றோரின் அனுமதியோடு கூட்டிப் போங்கள். ஒரு கிழமை நாள் காலையாக, பாடசாலை விடுமுறையில் பார்த்துப் போனால் வசதி. ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் பெரும்பாலான கடைகள் பூட்டு.

முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் சாமான்கள்: எல்.ஈ.டி. என்ற சின்ன விளக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், பற்றரி வைக்கும் பெட்டி, வயர், பற்றாசுக் கம்பி, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர். பழைய சோனகத் தெருப் பக்கம் இரும்புக் கடைகள்: வாள், அரம், குறடு, ஸ்க்ரூ டிரைவர், ஆணி. வாகனங்களின் பழைய மோட்டார் தேவைப்படும் நாள் வந்தால் பஞ்சிகாவத்தை. கடைக்காரரிடம் என்ன வேண்டும் என்று பிள்ளையே கேட்கட்டும். "220 ஓமா, கால் வாட்டா அரை வாட்டா?" என்று அவர் திருப்பிக் கேட்கும்போது பிள்ளை விழிக்கும். அந்த விழிப்பு ஒரு பாடவேளைக்குச் சமம்.

மூன்று பேருக்கு ஒரு தொகுதி என்று நான்கு தொகுதி போதும். ஒவ்வொன்றிலும் 25 அல்லது 30 வாட் பற்றாசுக்கோல் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, வயர் உரிக்கும் குறடு, வெட்டும் குறடு, ஸ்க்ரூ டிரைவர்கள், இரும்பு அடிமட்டம். பொதுவாக இரண்டு குளூ கன், ஒரு இரும்பறுக்கும் வாள், ஒரு கைத்துளைப்பான், மேசையோடு இறுக்கும் கிளாம்ப். மல்டிமீட்டரில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் என்று சத்தமிடும் வசதி அதில் கட்டாயம் வேண்டும், பிழை தேட வேறு எதைவிடவும் அந்தச் சத்தம்தான் உதவும்.

லாச்சிகளில் பெயர் ஒட்டும்போது பாடநூலில் உள்ள சொல்லையும் கடையில் சொல்லும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்: தடையி, ரெசிஸ்டர். சிங்களமும் எழுதினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் தயங்காமல் வருவார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரி கடலோரப் பக்கமென்றால் உப்புக் காற்றில் கருவிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதமொரு முறை தையல் இயந்திர எண்ணெய் தடவித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் போகும்.

முதல் நாள்: கழற்றுவது

முதல் நாளே எதையும் செய்யச் சொல்லாதீர்கள், கழற்றச் சொல்லுங்கள். கொள்ளுப்பிட்டி, கோட்டைப் பக்கம் அலுவலகங்களில் பழுதான பிரிண்டர்கள் மூலையில் கிடக்கும். கேட்டால் தருவார்கள். ஒரு பழைய பிரிண்டருக்குள் மோட்டார், பல்சக்கரம், உருக்குத் தண்டு, ஸ்பிரிங் எல்லாம் இருக்கிறது. பிளக் வயரை முதலில் வெட்டி எறிந்துவிட்டு மேசையில் வையுங்கள்.

பழைய பெட்டித் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு, ஃபிளாஷ் உள்ள கமெரா ஆகிய மூன்றும் அறைக்குள் வரவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றின் கொள்ளளவிகளில் (கப்பாசிட்டர்) ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கும். கைத்தொலைபேசி பற்றரிகளும் வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

முதல் பெரிய வேலை: பந்தல் உருளை

வெசாக் காலத்தில் தெமட்டகொடை, பேலியகொடைப் பக்கம் பெரிய மின்பந்தல்களைப் பார்க்காத கொழும்புப் பிள்ளை இருக்காது. அந்த விளக்குகள் ஓடுவது, சுழல்வது, பூவாக விரிவது எப்படி? கணினி வருவதற்கு முந்தைய பந்தல்களில் அதைச் செய்தது சுழலும் ஓர் உருளை. மரத்தாலான உருளையின் மேல் செப்புத் தகடுகளை வெவ்வேறு நீளத்தில் பதித்திருப்பார்கள். தகடு வந்து, விளக்கின் வயர் இணைத்த உலோக நுனியான தொடுகையைத் தொடும்போது ஒரு வரிசை விளக்கு எரியும், விலகினால் அணையும். உருளையில் தகடு பதித்த விதம்தான் நிரல், அதாவது எது எப்போது எரிய வேண்டும் என்ற கட்டளை. மேக்கர்ஸ்பேஸில் எங்கே தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் மின்சுற்று, வட்டம், நிரலாக்கம் மூன்றும் இதில் கையில் தொட்டுப் பார்க்கும் பொருளாக வருகின்றன.

தேவையானவை: ஒரு வெற்றுப் பால்மா டின், சமையலறை அலுமினியத் தாள், தடித்த காகிதம், ஐந்து பேப்பர் கிளிப், நான்கு எல்.ஈ.டி., நான்கு 220 ஓம் ரெசிஸ்டர், மூன்று பென்டோர்ச் பற்றரி வைக்கும் பெட்டி, சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்று, மரத்துண்டுகள். மூன்று பற்றரி சேர்ந்தால் 4.5 வோல்ட். சிவப்பு எல்.ஈ.டி. சுமார் 2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 2.5ஐ 220ஆல் வகுத்தால் 11 மில்லி ஆம்பியர் அளவு வரும், அது பாதுகாப்பான அளவு. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவிடாதீர்கள். ரெசிஸ்டர் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்கும் வரை பொறுத்திருந்து, அப்போது சேர்ந்து போடுங்கள்.

டின்னைச் சுற்றி அலுமினியத் தாளை இறுக்கமாக ஒட்டவும். டின்னின் மேல் பூச்சு இருப்பதால் அதன் தகரத்தை நம்ப முடியாது. அடுத்து நூலால் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள், பிறகு விட்டத்தை. பெரியதைச் சிறியதால் வகுத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் 3.1க்குப் பக்கத்தில் ஏதோ வரும், டின் எந்த அளவாக இருந்தாலும். அங்கே கொஞ்சம் நின்று பேசுங்கள்.

இனி தடித்த காகிதத்தை டின்னைச் சரியாகச் சுற்றும் அளவுக்கு வெட்டி, அதில் நான்கு வரிசை, பன்னிரண்டு பத்தி கட்டங்கள் வரையவும். வரிசை ஒவ்வொன்றும் ஒரு விளக்கு, பத்தி ஒவ்வொன்றும் ஒரு கணம். விளக்கு எரிய வேண்டிய கட்டத்தை வெட்டி எடுத்து ஜன்னலாக்க வேண்டும். அதை டின் மேல் ஒட்டினால் ஜன்னல்கள் வழியாக அலுமினியம் தெரியும். ஒரு ஓரத்தில் விரலகலத்துக்குக் காகிதம் இல்லாத வளையம் விட மறக்காதீர்கள், நான்கு விளக்குக்கும் பொதுவான தொடுகை அங்கேதான் உட்காரும்.

டின்னின் இரு பக்கமும் நடுவில் துளையிட்டு சைக்கிள் கம்பியைச் செலுத்தி, இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே சுழலும்படி வைக்கவும். துளையிடும்போது பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தகர ஓரம் வெட்டும். பேப்பர் கிளிப்புகளை நிமிர்த்தி, ஒரு மரச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, நுனிகள் உருளையை மெதுவாக அழுத்தும்படி வளைக்கவும். இணைப்பு இப்படி: பற்றரியின் நேர்முனையிலிருந்து ரெசிஸ்டர், பிறகு எல்.ஈ.டி.யின் நீளக் கால், குட்டைக் காலிலிருந்து அதன் கிளிப். நான்குக்கும் இதே மாதிரி. ஐந்தாவது கிளிப், அதாவது வளையத்தில் உட்காருவது, பற்றரியின் மறைமுனைக்குப் போகும். உருளையைக் கையால் சுற்றுங்கள்.

முதல் சுற்றிலேயே ஒழுங்காக எரியாது. எரியாமல் இருப்பது நல்லதும்கூட. தரம் 7 பிள்ளை ஒன்றை அந்த நேரத்தில் கவனித்துப் பாருங்கள். மூன்றாவது விளக்கு மட்டும் மினுக்கி மினுக்கி எரிகிறது. முதலில் எல்.ஈ.டி. பழுது என்கிறாள். பக்கத்து விளக்கோடு மாற்றிப் போடுகிறாள், மினுக்கல் அதே இடத்தில் நிற்கிறது. அப்படியானால் விளக்கில் பிழையில்லை. மல்டிமீட்டர் முனையைக் கிளிப்பிலும் அலுமினியத்திலும் வைக்கிறாள், பீப் விட்டுவிட்டுக் கேட்கிறது. குனிந்து பார்த்தால் கிளிப்பின் நுனி காகித ஓரத்தில் இடறி, இழுத்து வந்த பசை அலுமினியத்தில் மெல்லிய கோடாகப் படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டி, கிளிப்பின் நுனியை உள்ளே வளைத்துவிடுகிறாள். ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதைத் தொடாதே என்ற விஞ்ஞான முறையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதை அவளே செய்து முடித்துவிட்டாள். அதன் பெயரை இப்போது சொல்லுங்கள், இனி மறக்காது.

இந்த உருளைக்கு மூன்று நான்கு கிழமை கொடுங்கள். அதன் பிறகு மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று கிடைத்தால், அதே காகித ஒழுங்கைத் திரையில் நிரலாக எழுதச் சொல்லுங்கள். 2016இல் பிரித்தானியாவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த பலகை அது. அதன் முகத்திலேயே 25 சின்ன விளக்குகள் இருப்பதால் வயர் கூடத் தேவையில்லை. ஏற்கனவே கத்தரிக்கோலால் நிரல் எழுதிய பிள்ளைக்கு வரிசை, திரும்பச் செய்தல், காத்திருத்தல் எல்லாம் பழகிய விஷயம்.

பெரியவரின் வேலை

மிகக் கடினமான படி இதுதான். பிள்ளை தடுமாறும்போது கை தானாக நீளும். நீட்டாதீர்கள். மூன்று கேள்வி போதும்: என்ன நடக்கும் என்று நினைத்தாய்? என்ன நடந்தது? அடுத்து எதைப் பார்க்கப் போகிறாய்? பதினைந்து நிமிடம் தேடியும் அதே இடத்தில் நின்றால், முகம் வாடினால், அப்போது உட்கார்ந்து நன்றாக விளக்குங்கள். கபூரின் ஆய்வில் பார்த்த இரண்டாவது பாதி அதுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு அப்பியாசக் கொப்பி வேண்டும். நினைத்தது, நடந்தது, காரணம், மாற்றியது என்று நான்கு பத்தி. நாளின் கடைசிப் பத்து நிமிடம் அதற்கு. தமிழோ படமோ இரண்டும் கலந்தோ, எப்படியும் எழுதலாம். எழுத்துப் பிழை திருத்தாதீர்கள். புள்ளியும் போடாதீர்கள். தவணை முடிவில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளர்ச்சி உங்கள் கண்ணுக்கே தெரியும். ஆரம்பத்தில் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதியவர், கடைசியில் எந்த இணைப்பு, எந்த நிலையில் என்று எழுதியிருப்பார்.

கைவினைஞரை அழையுங்கள்

கொழும்பு இந்த விஷயத்தில் பணக்கார ஊர். தையல்காரர், கராஜ் மின்னியலாளர், தொலைபேசி திருத்துபவர், மர வேலை பாஸ் என்று மாதம் ஒருவரை அழைக்கலாம். ஒருவரை மட்டும்தான் அழைக்க முடியும் என்றால் நான் செட்டியார் தெருப் பொற்கொல்லரை அழைப்பேன். தங்கத்தில் பொடி வைத்து ஊதும்போது அவர் செய்வதும், நம் பிள்ளைகள் எல்.ஈ.டி.யின் காலில் செய்வதும் ஒரே இயல்தான். இணைக்கப் போகும் உலோகத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவையை இடையில் ஓட விடுகிறார்கள். அவர் வெங்காரம் தடவுகிறார், நம் கம்பிக்குள் ரோசின் இருக்கிறது. மேலே படிந்த ஒக்சைட்டைக் கரைத்து, உருகிய உலோகம் ஒட்ட வழி செய்வது இரண்டுக்கும் வேலை. சூடு முதலில் பொருளுக்கு, பிறகு பற்றாசுக்கு என்று அவர் சொல்லிக் காட்டினால், கட்டிகட்டியாகப் பற்றாசு உருட்டி வைத்த பிள்ளைகளின் இணைப்புகள் அன்றே பளபளக்கும். வந்தவருக்கு ஒரு நாள் கூலியைக் கட்டாயம் கொடுங்கள். அவர் ஆசிரியராக வந்திருக்கிறார்.

பெற்றோரும் பரீட்சையும்

"இதால் ஓ/எல் பெறுபேறு கூடுமா?" என்று கேட்பார்கள். கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விஞ்ஞானப் பாடத்து மின்சுற்றும், கணிதத்து வட்டமும் பிள்ளையின் கொப்பியில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று திறந்து காட்டுங்கள். உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 முதல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்குத் தன் விருப்பத்தைச் சோதித்துப் பார்க்க இது நல்ல இடம். பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள். நான்கு மணிக்கு முடிந்து யாருடன் வீட்டுக்குப் போவாள் என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய உண்மையான கவலை. அதற்குப் பதில் வைத்திருந்தால் அனுப்புவார்கள்.

பிரிண்டர் எப்போது

ஒரு பிள்ளை தனக்கு வேண்டிய ஒரு துண்டை, அளவுகளோடு காகிதத்தில் வரைந்து கொண்டுவந்து, இதை அட்டையிலோ மரத்திலோ செய்ய முடியவில்லை என்று சொல்லும் நாளில். அதற்கு முன் வாங்கினால் இணையத்தில் யாரோ வரைந்த பொம்மைகளைத்தான் அச்சிடுவார்கள். வாங்கினால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் தொடங்குங்கள், 200 பாகை செல்சியஸ் அளவில் அச்சிடலாம். கொழும்பு ஈரப்பதத்தில் திறந்து வைத்த இழை ஈரம் உறிஞ்சி, அச்சில் நூல் நூலாக இழுக்கும், சிலவேளை நொறுங்கியும் போகும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். லேசர் வெட்டி கிடைத்தால் ஒரே எச்சரிக்கை: பி.வி.சி.யும் ரெக்சினும் அதற்குள் போகக் கூடாது, எரியும்போது நச்சுப் புகை வரும்.

காட்டும் நாள்

தவணைக் கடைசியில் ஒரு பின்னேரம் பெற்றோரை அழையுங்கள். முதலாம் இடம், இரண்டாம் இடம் வேண்டாம். ஒவ்வொரு மேசையிலும் செய்த பொருள், பக்கத்தில் அது பழுதான நாளின் கொப்பிப் பக்கம் திறந்தபடி. பார்க்க வருபவர் உருளையைத் தன் கையால் சுற்றலாம், கழன்றால் அங்கேயே பிள்ளை திருத்தட்டும். கேள்வி எதுவானாலும் பிள்ளையே பதில் சொல்லட்டும், நீங்கள் இடையில் புகாதீர்கள். வாசலில் ஒரு கொப்பியும் பேனாவும் வையுங்கள். அடுத்த தவணைக்கு வர விரும்பும் பிள்ளைகளின் பெயரை ஒரு பக்கத்திலும், ஒரு பின்னேரம் வந்து தன் தொழிலைக் காட்ட முடிந்த பெற்றோரின் பெயரை மறுபக்கத்திலும் எழுதி வாங்குங்கள்.